மூன்று டப்பி மஞ்சள் மருந்து

முத்தம்மாவின் கோழிகளுக்குக் கால் தடித்துப்போன சங்கதி வெகுநாள்வரை அவளுக்கே தெரியாது. விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் போய் நின்று, கங்காணி பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, பிறகு ரப்பர் காட்டில் முந்நூறு கித்தா மரத்தைச் சீவி, பால் எடுத்து, இரண்டு வாளியையும் தோளில் வைத்த காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சுமந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிடும். வந்ததும் உலை வைக்க வேண்டும். இதில் கோழியின் காலைக் குனிந்து பார்க்க யாருக்கு நேரம்? தன் காலை அவள் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

ஐப்பசி பிறந்ததுமே ஒரு நாள் விடியற்காலம் மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் சீவ முடியாது. அன்றைக்கு வேலை இல்லை. லகாட் பக்கத்துத் தோட்டங்களில் மழை நாள் என்றால் ஆண்கள் தூங்குவார்கள், பெண்கள் மிச்சம் கிடக்கிற வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். முத்தம்மா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போய்க் கோழிக்கூட்டைத் திறந்தாள். ஆறு பெட்டைகளும் இறங்கின. சேவல் மட்டும் கம்பிலேயே நின்று ஒரு காலைத் தூக்குவதும் அதை வைத்துவிட்டு மறு காலைத் தூக்குவதுமாக இருந்தது.

பிடித்து மடியில் போட்டுப் பார்த்தாள். கால் முழுக்கச் செதில் கிளம்பி, சுண்ணாம்பில் முக்கி எடுத்தாற்போல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. விரல்கள் இரண்டு மடங்கு பருத்திருந்தன. பெட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நாலுக்கு இதே கதி. இரண்டுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

"இந்தாங்க, எந்திரிச்சு வாங்க. கோழிக் காலப் பாருங்க."

புருஷன் சன்னாசி போர்வைக்குள்ளிருந்தே பதில் சொன்னான். "கோழிக்குக் கால் இருக்கத்தான் செய்யும்."

"வெளாட்டு இல்ல. அஞ்சு வாரத்துல சுங்காய்க்காரங்க வாராங்க. இந்தக் காலோட எதப் புடிச்சுக் குடுக்கறது?"

அதைக் கேட்டதும் சன்னாசி எழுந்து உட்கார்ந்தான். சுங்காய்க்காரர்கள் என்றால் வீரம்மாவும் அவள் மகனும். வீரம்மாவின் தம்பி சின்னையா இதே லயத்தில் கடைசி வீட்டில் இருந்தான். ஆடித் திருவிழாவுக்குத் தம்பி வீட்டுக்கு வந்தவள், முத்தம்மாவின் மகள் மங்களத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளே நேரில் வந்து தன் மகனுக்குக் கேட்டாள். அவள் புருஷன் இறந்து ஆறு வருஷம். மகன் சுங்காய்த் தோட்டத்தில் புகைக்கூட வேலை பார்த்தான். குடிக்காதவன் என்று விசாரித்ததில் தெரிந்தது. தோட்டத்தில் அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைப்பது லேசில்லை.

"நகை நட்டெல்லாம் நான் கேக்க மாட்டேன் அண்ணி," என்று அன்றைக்கு வீரம்மா சொன்னாள். "ஒங்க வீட்டுக் கோழியில ஒரு சோடி குடுத்து அனுப்புங்க, அது போதும். இப்பிடி மினுமினுன்னு கோழி வளக்கற வீட்டுல பொண்ணு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கார்த்திகை பிறந்ததும் வந்து தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்த மினுமினு கோழிகள்தான் இப்போது நொண்டிக்கொண்டிருந்தன.

சன்னாசிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு, எதுவும் பலித்ததில்லை. "கித்தாப் பால் தடவுனா சரியாப் போவும்," என்றான். "என் குதிகால் வெடிப்புக்கு அதத்தான போட்டேன்? காத்துப் போவாம அடைச்சிட்டா உள்ள இருக்கறது மூச்சு முட்டிச் செத்துரும்."

மறுநாள் பால் வடிகிற மங்கில் கொஞ்சம் பாலை மிச்சம் பிடித்து வந்து சேவலின் ஒரு காலில் அவனே பூசினான். பால் காய்ந்து காலுறை போட்டமாதிரி ஆயிற்று. இரண்டு நாள் சேவல் அதை வியப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தது. மூன்றாம் நாள் ரப்பர் இறுகிக் கால் வீங்கிவிட்டது. சன்னாசி அதைப் பிடித்து உரித்தான். ரப்பரோடு செதிலும் சேர்ந்து வந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அந்தச் சேவல் போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஒரு கால்ல மட்டும்தான பூசுனேன்," என்றான் சன்னாசி, ஏதோ புண்ணியம் செய்தவன்போல.

தோட்டத்து வாசலில் முகம்மது கௌஸ் கடை வைத்திருந்தார். அரிசி, கருவாடு, வெற்றிலை எல்லாம் அவரிடம்தான். அவர் கடைக்குப் பின்னாலும் முப்பது கோழி மேயும். முத்தம்மா சாயங்காலமே சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

கௌஸ் காலைத் திருப்பிப் பார்த்தார். "இது பூச்சி தங்கச்சி. கண்ணுக்குத் தெரியாது. செதிலுக்கு அடியில பொந்து வச்சுக் குடியிருக்கும். கம்புல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிதுல்ல, அப்பத்தான் ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவும்."

"என்ன செய்யறது கௌஸ் நானா?"

"வெதுவெதுன்னு தண்ணியில சவுக்காரம் கரைச்சுக் கால ஊறப் போடு. பொருக்கு எளகுனதும் தேங்கா நாரால மெதுவா தேயி. பிச்சு எடுத்துறாத, ரத்தம் வந்துரும்."

"அத எங்க வீட்டுக்காரரு செஞ்சு முடிச்சிட்டாரு."

கௌஸ் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். "நல்லா தொடைச்சிட்டு மஞ்ச மருந்து பூசு. ஆஸ்பத்திரில சொறிக்குக் குடுப்பாங்கள்ல, கந்தகம் போட்டது, அதேதான். வாரத்துல ரெண்டு தடவ, ஒரு மாசம் விடாமப் பூசணும். கூட்டுக் கம்பையும் மண்ணெண்ண போட்டுத் தொடைக்கணும். கம்ப விட்டுட்டுக் காலுக்கு மட்டும் பாத்தா சுசாதான், தொல்ல திரும்ப வந்துரும்."

"கந்தகம் ஒங்க கடையில இல்லியா?"

"ஈப்போவுலேருந்து வரணும். நான் போவ இன்னும் இருவது நாளு ஆவும்லா."

இருபது நாள் காத்திருக்க நேரமில்லை. மறுநாள் ஸ்டோரில் பாலைக் கொட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு கட்டில், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் சதாசிவம். யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல்காரர்களைப் பார்த்துப் பார்த்தே சலித்துப்போனவர். கோழிக்கு மருந்து கேட்டால் அவர் என்ன செய்வார் என்று தோட்டத்தில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

"என்ன வருத்தம்?"

"சொறிங்கய்யா."

"எங்கை?"

"தொடையிலங்க." தொடை என்றால் காட்டச் சொல்ல மாட்டார் என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேரை எழுதிக்கொண்டு ஒரு டப்பியை மேசைமேல் தள்ளினார். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பி அளவுதான் இருந்தது. ஏழு கோழிக்குப் பதினாலு கால். நாலு தடவைக்கே வராது. முத்தம்மா நகராமல் நின்றாள்.

"இன்னும் என்ன?"

"வீட்டுக்காரருக்கும் இருக்குங்கய்யா. பேரு சன்னாசி."

இரண்டாவது டப்பி வந்தது.

"வீட்டிலை வேறை ஆருக்கும்?"

அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள். கேட்டதும் வாயில் வந்துவிட்டது. "மகளுக்கும்தாங்க. மங்களம். பதினேழு வயசு."

மூன்று டப்பியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். இந்தப் பாவிக்கு அந்த நேரத்தில் கோழிக் காலைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார்கள். தாய் திண்டாடாமல் இருக்க மங்களம் ஒவ்வொரு கோழியாகச் சாக்கில் சுற்றித் தலையை மூடிப் பிடித்துக்கொண்டாள். கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும். முத்தம்மா வாளியில் வெந்நீர் விளாவி, சவுக்காரம் கரைத்து, கால் இரண்டையும் அதில் விட்டுக் காத்திருந்தாள். பொருக்கு ஊறி மாவுபோல் இளகியது. நாரால் மேலிருந்து கீழாக, செதில் போகிற போக்கிலேயே, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். துடைத்து, ஈரம் உலர்ந்ததும், செதிலின் இடுக்குகளில் மருந்து இறங்கும்படி விரலால் அழுத்திப் பூசினாள். ஒரு கோழிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஏழாவது கோழியை விடும்போது இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. அதற்குமேல் கூட்டுக் கம்பைக் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

"எப்பிடிம்மா மூணு டப்பி குடுத்தாரு அந்த மனுசன்?"

"கேட்டேன், குடுத்தாரு."

"காச்சலுக்குக் கேட்டாலே ஒரு மாத்திரைதான் குடுப்பாரு."

"நீ கோழியப் புடி. கைய ஆட்டாத."

மூன்று வாரம் இப்படி நடந்தது. மருந்து நன்றாகப் பிடித்தது. பழைய பொருக்கெல்லாம் உதிர்ந்து, அடியில் புதுச் செதில் மஞ்சளாக, வழவழப்பாகத் தெரிந்தது. சேவல் மறுபடி கூரைமேல் ஏறிக் கூவியது. மரக்காட்டில் நிற்கும்போதுகூட முத்தம்மாவுக்கு அந்தக் கால்கள்தான் நினைப்பாக இருந்தது.

நாலாம் வாரம் திங்கள்கிழமை, வேலை முடிந்து எல்லாரும் குழாயடியில் நிற்கிற நேரமாகப் பார்த்து, மாசக் கணக்குப் புத்தகத்தோடு டிரெஸ்ஸர் லயத்துக்கு வந்தார். கூடவே கங்காணியும், செப்புக் கொப்பரை தூக்கிய இரண்டு ஆட்களும். ஒரே வீட்டில் மூன்று பேருக்குச் சொறி கண்டால் துணிமணியை அவித்து, வீட்டை மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். முத்தம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. டிரெஸ்ஸர் புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

"முத்தம்மா. சன்னாசி. மங்களம், பதினேழு வயசு. மூண்டு பேருக்கும் சொறி. இவை மூண்டு பேரும் ஒரு மாசத்துக்கு இந்தக் குழாயிலை குளிக்கக் கூடாது."

குழாயடியில் மங்களத்துக்கு முன்னால் குடம் வைத்திருந்த பெண் தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பக்கத்தில் கங்காணி நின்றான். ஆஸ்பத்திரி மருந்தைப் பொய் சொல்லி வாங்கிக் கோழிக்குப் பூசினேன் என்றால் நாளைக் காலை துரையின் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். தோட்டத்தை விட்டே போ என்றாலும் சொல்வார். சன்னாசி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். போர்வை, சேலை, பாவாடை எல்லாம் வாசலில் நட்டநடுவே கொப்பரையில் கொதித்தன. கதவு நிலையில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள்.

மங்களம் சாயங்காலம் கோழியைக் கூட்டில் அடைக்கும்போதுதான் கேட்டாள்.

"ஒன் பேரச் சொன்ன, சரி. அப்பா பேரச் சொன்ன, சரி. எம் பேர எதுக்கும்மா சொன்ன?"

"மருந்து பத்தலடி."

"மருந்து பத்தலைன்னா?"

உனக்காகத்தான் செய்தேன் என்று முத்தம்மா சொல்ல நினைத்தாள். அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீரம்மாவின் தம்பி சின்னையா நல்ல மனுஷன்தான். ஆனால் கதவில் போட்ட குறியைக் கண்ணால் பார்த்தவன், அக்காளிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பான்? சுங்காய்க்குப் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பினான். இங்கே சொறியாகக் கிளம்பிய சேதி, ரயிலில் ஒருவர், சந்தையில் ஒருவர் என்று வாய் மாறி, சுங்காய் போய்ச் சேர்ந்தபோது குஷ்டமாகிவிட்டது. அந்தக் காலத்தில் குஷ்டம் என்றால் ஆளைப் பிடித்துத் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு மத்தியானம் வீரம்மா வந்தாள். தட்டு இல்லை, பூ இல்லை, மகனும் இல்லை. தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். சன்னாசி பலகை எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு அண்ணி. இருந்தாலும் நேர்ல கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

முத்தம்மா இனி மறைத்து என்ன என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கித்தாப் பால், கௌஸ் கடை, மூன்று டப்பி, எதையும் விடவில்லை. சின்னையா நம்பாமல் தலையை ஆட்டினான்.

"தங்கச்சி, கோழிக் காலுக்காக எந்தத் தாயாவது பெத்த மகளுக்குச் சொறின்னு எழுதி வைப்பாளா? சொல்றதப் பொருந்தச் சொல்லு."

"நான் வச்சேண்ணே. அந்தப் பாவி நான்தான்."

ஓடிப்போய்ச் சேவலையும் ஒரு பெட்டையையும் பிடித்து வந்து வீரம்மாவின் முன்னால் நீட்டினாள். வீரம்மா சேவலை வாங்கி, காலைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் செதில்களின் இடுக்கை அழுத்திப் பார்த்தாள். உரிந்த காலில் புதுச் செதில் இன்னும் சின்னதாக இருந்தது.

"எத்தன வாரமாப் பூசுனீங்க?"

"நாலு வாரம். வாரத்துக்கு ரெண்டு தடவ."

வீரம்மா சேவலைக் கீழே விட்டாள். அது நொண்டாமல் ஓடியது.

"எனக்கு நம்பிக்கை வந்துருச்சு," என்றாள். "நீங்க சொல்றது நெசந்தான்."

முத்தம்மா ஒதுங்கி வழிவிட்டாள். "அப்ப உள்ள வாங்க அண்ணி. ஒரு வாய் காப்பித் தண்ணி..."

"இருங்க. நான் நம்பி என்னா செய்ய? சுங்காயில ஒரு லயம் பாக்கியில்ல, அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் ஒவ்வொரு வாசலாக் கோழியத் தூக்கிட்டுப் போயிக் காட்ட முடியுமா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு கொசு கடிச்சுத் தடிச்சாலும், பாத்தியா, அதுதான்னுவாங்க. கொழா தொட விட மாட்டாங்க. நான் ஒத்தப் பொம்பள, யார் யாரு வாய அடைக்கறது?"

"ஒரு வருசம் கழிச்சு..." என்று சன்னாசி ஆரம்பித்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து மங்களம் வெளியே வந்தாள். "வேணாம்ப்பா. அத்தைய நிக்க வச்சுப் பேசாதீங்க. வெயிலா இருக்கு."

சின்னையா முன்னால் நடந்து போய் லயத்து முனையில் நின்றான். வீரம்மாவும் கிளம்பினாள், நாலடி போனவள் நின்று, திரும்பி வந்தாள். இப்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுல பதினோரு கோழி. எல்லாத்துக்கும் கால்ல இதேதான். ரெண்டு செத்துப்போச்சு. அந்த மருந்து மிச்சம் கிஞ்சம் இருந்தா..."

முத்தம்மா அப்படியே நின்றாள். கோபமா, சிரிப்பா, என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. 'ஆஸ்பத்திரிக்குப் போயி ஒங்க மகன் பேரச் சொல்லி வாங்கிக்குங்க' என்று சொல்லியிருக்கலாம்.

மங்களம்தான் உள்ளே போனாள். பாதி இருந்த மூன்றாவது டப்பியைக் கொண்டுவந்து வீரம்மாவின் கையில் வைத்தாள்.

"வெந்நியில சவுக்காரம் போட்டு மொதல்ல ஊற வைங்க அத்தை. தலைய மூடிட்டா கோழி ஒதறாது. நாரால கீழ் முகமாத் தேயிங்க, பிச்சுறக் கூடாது. நல்ல காலுக்கும் சேத்துப் பூசுங்க. கூட்டுக் கம்ப மண்ணெண்ண போட்டுத் தொடைக்க மறந்துறாதீங்க. அத விட்டா எல்லாம் வீணு."

வீரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள்போல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். பிடித்தவள், லயத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்ப்பதைக் கண்டதும் விட்டுவிட்டாள்.

முத்தம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். வீரம்மா வெயிலில் கால் எட்டிப் போட்டு நடந்தாள். ரயிலில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, லயத்தைத் தாண்டுவதற்கு முன்னாலேயே டப்பியை மடியில் வைத்து நன்றாக மறைத்துக் கட்டிக்கொண்டாள்.